அபுனைவு நூல்களை வகையறிந்து படிப்பது எப்படி?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அபுனைவு எழுத்தின், அதாவது கற்பனை கலவாமல் உண்மையைச் சொல்லும் எழுத்தின், வகைகளையும் கூறுகளையும் தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து இது எந்த வகை என்று கேட்டால் தடுமாறுகிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகி ஒருவர், பெரம்பூர், சென்னை.

பதில்: பட்டியலைச் சில நாட்கள் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே நிகழ்ச்சியைப் பல விதமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு எம்டன் கப்பலின் தாக்குதல் மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுமழை பொழிந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அஞ்சிய மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினார்கள்.

இதை நடந்த வரிசையில் சொன்னால் அது வரலாற்று விவரிப்பு. எண்ணெய்த் தொட்டிகள் ஏன் குறிவைக்கப்பட்டன, அதனால் நகரத்தில் என்ன விளைந்தது என்று ஆராய்ந்தால் விளக்கக் கட்டுரை. அன்றைய அரசு துறைமுகத்தின் பாதுகாப்பில் கவனக்குறைவாக இருந்தது என்னும் கருத்தை முன்வைத்து, அதற்குச் சான்றுகளை அடுக்கினால் வாதக் கட்டுரை. நாளிதழ்களின் தலையங்கங்கள் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள எம்டன் நினைவுக் கல்வெட்டைக் காண்பதற்கு வழி சொன்னால் அது வழிகாட்டிக் குறிப்பு. நிகழ்ச்சி ஒன்றே; எழுதுபவரின் நோக்கம்தான் வேறுபடுகிறது. 'இவர் எனக்கு என்ன செய்ய விரும்புகிறார்? சொல்கிறாரா, விளக்குகிறாரா, இணங்கவைக்கிறாரா?' என்று கேட்கப் பழகிய பிள்ளை வகையைத் தானே கண்டுகொள்ளும். ஒரே பத்தியில் இரண்டு நோக்கங்கள் கலந்திருப்பதும் இயல்பு என்பதால், அவள் இரண்டு வகைகளைச் சொன்னால் உடனே தவறு என்று மறுத்துவிடாமல் காரணத்தைக் கேளுங்கள்.

கூறுகளைப் பொறுத்தவரை, எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்துக்கு அவளை அழைத்துச் சென்று, சென்னை வரலாறு பற்றிய நூல் ஒன்றில், முதல் பக்கத்திலிருந்து படிக்காமலேயே எம்டன் பற்றிய செய்தியைத் தேடியெடுக்கச் சொல்லுங்கள். பொருளடக்கம் எந்த இயலில் தேடலாம் என்று காட்டும். நூலின் இறுதியில் அகரவரிசையில் அமைந்த பொருளகராதி பக்க எண்ணையே தந்துவிடும். அடிக்குறிப்பு அந்தச் செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லும். இவற்றுள் அடிக்குறிப்பையே நான் முதன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் ஆசிரியரின் கூற்றை வாசகர் தாமே சோதித்துப் பார்க்க அதுவே வாயில். தமிழில் தடித்த வரலாற்று நூல்கள் பலவும் பொருளகராதி இல்லாமலேயே வெளிவருவது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

கேள்வி: தன்வரலாறு நினைவிலிருந்து எழுதப்படுவது, நினைவு பிழைபடக்கூடியது. அப்படியிருக்க அதை அபுனைவு என்று எப்படிச் சொல்லலாம்?
– வாசகர் ஒருவர், மயிலாப்பூர், சென்னை.

பதில்: நடந்ததை நடந்தபடியே சொல்ல முயல்கிறேன் என்று ஆசிரியர் வாசகருக்குத் தரும் உறுதியால்தான் ஒரு நூல் அபுனைவாகிறது. அதில் பிழை நேர்ந்தால் அது திருத்தப்பட வேண்டிய பிழையே தவிர, அதனால் நூல் புனைவாகிவிடாது. ஆயினும் அபுனைவு வகைகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்ப வேண்டியதில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, நிகழ்ச்சிகளின் சூடு ஆறுமுன் பதிவானது. 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையரோ தம் இளமைக்காலத்தை 'என் சரித்திர'மாக 1940இல்தான் இதழில் தொடராக வெளியிடத் தொடங்கினார். அவரே தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றையும் முன்னரே எழுதியிருப்பதால், ஆசிரியரும் மாணவரும் பழகிய காலத்தை இரண்டு நூல்களிலும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். வாழ்க்கை வரலாற்றில் ஆசிரியர் நடுவில் நிற்கிறார், தன்வரலாற்றில் அவரைப் பார்த்து வியக்கும் மாணவரின் மனம் நிற்கிறது. தன்வரலாற்றிலிருந்து ஒரு தேதியை மேற்கோள் காட்டுவதற்குமுன் கடிதங்களோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதியவரின் மனத்தை அறிய அந்த நூலே முதன்மைச் சான்று.