படம் தேடும் கார்டு விளையாட்டு: எதை வாங்கலாம், எதை நம்பலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விட்டுவிடுகிறான். ‘பார்த்துப் புரிந்துகொள்ளும் திறன் கொஞ்சம் குறைவு, படம் தேடும் கார்டு வாங்கி விளையாட வையுங்கள்’ என்றார் அவன் மிஸ். கடையில் பத்து விதம் இருக்கிறது. எதை வாங்குவது? (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: கார்டு வாங்கும் முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போர்டைப் பார்த்து எழுதும்போது எழுத்து விட்டுப்போகிறது என்றால், தூரத்தில் இருப்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கண் மங்கலாக இருந்தாலும் மற்றக் கண்ணை வைத்தே குழந்தை சமாளித்துக்கொள்ளும். தனக்குக் குறை இருப்பது அதற்கே தெரியாது. ‘சோம்பல் கண்’ என்கிறார்களே, அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கடினம். சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறிய முடியாத நிலை பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். நிறத்தை வைத்துத் தேடும் விளையாட்டில் அப்படிப்பட்ட பையன் தோற்றுக்கொண்டே இருப்பான், நாமோ அவனுக்குக் கவனம் போதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம்.

கண்ணில் குறை இல்லை என்றால், சரி, விளையாட்டுக்கு வருவோம். பார்த்துப் புரிந்துகொள்வது என்பது ஒரே ஒரு திறன் அல்ல. ஒன்றுபோல் இருப்பவற்றில் வித்தியாசம் காண்பது ஒன்று. நெரிசலான படத்திலிருந்து ஒரு உருவத்தை மட்டும் பிரித்தெடுப்பது இன்னொன்று. திருப்பி வைத்தாலும் சின்னதாக வரைந்தாலும் அதே பொருள்தான் என்று அறிவது, பாதி மறைந்ததை முழுதாக ஊகிப்பது, பார்த்ததை நினைவில் வைப்பது என்று இன்னும் உண்டு. எந்த கார்டு எதைத் தொடுகிறது என்று பார்த்து வாங்கினால் காசு வீணாகாது. கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் அட்டைகள் நினைவாற்றலுக்கு நல்லவை. திருவிழாக் கூட்டம் மாதிரி நெரிசலான பெரிய படத்தில் ‘குடையைக் கண்டுபிடி’ என்று கேட்பவை, பிரித்தெடுக்கும் திறனுக்கு.

இரண்டு மூன்று திறன்களைச் சேர்த்து வேலை வாங்குவது ‘டாபிள்’. அமெரிக்காவில் ‘ஸ்பாட் இட்’ என்ற பெயரில் வந்தது. வட்ட அட்டை ஒவ்வொன்றிலும் எட்டுப் படங்கள் இருக்கும். எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் சரியாக ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவருக்கு வெற்றி. ஒரே படம் ஒரு அட்டையில் பெரியதாகவும் இன்னொன்றில் சிறியதாகவும் தலைகீழாகவும் வருகிறது; அங்கேதான் மூளை வேலை செய்கிறது. உங்கள் மகனுக்கு இப்போது பெரிய டப்பா வேண்டாம். அட்டைக்கு ஆறு விலங்குகள், மொத்தம் முப்பது சொச்சம் அட்டைகள் என்று நான்கு வயதிலிருந்து விளையாடும் சிறுவர் பதிப்பு இருக்கிறது, அது போதும். பெரிய பதிப்பில் பனிமனிதன், மேப்பிள் இலை, இசைக் குறியீடு எல்லாம் வரும். நம் ஊர்ப் பிள்ளை படத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதன் பெயர் தெரியாமல் திணறுவான். கண் ஜெயித்தும் வாய் தோற்றுவிடும். அப்படி ஒரு படம் வந்தால் விரலால் தொட்டாலே போதும் என்று விதியை மாற்றுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, அவன் சொல்லும் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எப்படி விளையாடுகிறீர்கள் என்பது எந்த டப்பா என்பதைவிட முக்கியம். முதல் வாரம் வேகமே வேண்டாம். இரண்டே அட்டைகளை வைத்து, ‘இதில் பூனை இருக்கா? அதில் இருக்கா?’ என்று ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் போகச் சொல்லுங்கள். தேடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று அவன் தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். பிறகு அட்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பிறகு திருப்பி வையுங்கள். அண்ணனோ அக்காவோ கூட விளையாடினால், அவர்கள் கண்டுபிடித்தாலும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். என் அக்கா மகள் முதல் நாள் ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்று டப்பாவைத் தூக்கி எறிந்தாள். இந்த எண்ணும் விதி வந்த பிறகு அவளே தினமும் கேட்டு வந்தாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். இன்னும் ஒரு ஆட்டம் என்று அவன் கெஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் ‘சீட்டாட்டமா?’ என்று முகம் சுளித்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இணையாகப் பாட்டியும் தேடித் திணறுகிற விளையாட்டு இது.

கேள்வி: ஆன்லைனில் டாபிள் வாங்கினேன். எண்ணிப் பார்த்தால் 55 அட்டைகள். கணக்குப்படி 57 இருக்க வேண்டும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் தம்பி. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. தம்பி சொல்லும் கணக்கும் சரி, உங்கள் டப்பாவும் சரி. அட்டைக்கு எட்டுப் படம், எந்த இரண்டு அட்டைக்கும் ஒரே ஒரு பொதுப் படம் என்ற அமைப்பில் 57 படங்களை வைத்து 57 அட்டைகள் வரை செய்யலாம். டப்பாவில் 55 தான் விற்கிறார்கள். இரண்டு குறைவதால் விளையாட்டு கெடுவதில்லை. இதன் வேர் பழையது. பிரான்ஸில் ஜாக் கோத்தரோ என்ற கணித ஆர்வலர் 1976-இல் அட்டைக்கு ஆறு பூச்சிகள் என்று 31 அட்டைகளில் இதைச் செய்து பார்த்தார். அதிலிருந்து பிறந்த டாபிள் 2009-இல் கடைக்கு வந்தது.

உங்களிடம் இருப்பது நகலோ என்ற சந்தேகம் இருந்தால், இந்த 55 அட்டைக் கணக்கே உதவும். மூலப் பதிப்பில் பனிமனிதன் ஆறு அட்டைகளில் மட்டுமே வருவான். மற்றப் படங்கள் ஏழு அல்லது எட்டு முறை வரும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபது ஜோடி எடுத்துப் பாருங்கள். எந்த ஜோடியிலாவது பொதுப் படமே இல்லை, அல்லது இரண்டு இருக்கிறது என்றால் அந்த அட்டைகள் குழந்தைக்கு ஆகாது. இல்லாத விடையைத் தேடி அது தன்னையே நொந்துகொள்ளும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். குறையுள்ள பொருளையும் சொன்னதற்கு மாறான பொருளையும் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ‘பிடிக்கவில்லை’ என்று திருப்புவது வேறு. அது அந்தந்தக் கடையின் கொள்கையைப் பொறுத்தது.

கேள்வி: ஒரு பயிற்சி மையத்தில், பட அட்டைகளும் ஒர்க்‌ஷீட்டும் கொண்ட ‘பார்வைத்திறன் கிட்’ 6,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். மூன்றே மாதத்தில் ‘பி’ (b), ‘டி’ (d) எழுத்துகளை மாற்றி எழுதுவது நின்றுவிடும், ஐ.க்யூ. கூடும் என்கிறார்கள். மகளுக்கு ஆறு வயது. வாங்கட்டுமா? (வாசகி, சேலம்)

பதில்: வாங்காதீர்கள். ஆறு வயதில் அந்த ஆங்கில எழுத்துகள் இடவலம் மாறுவது வெகு சாதாரணம், பெரும்பாலான பிள்ளைகளிடம் தானாகவே சரியாகிவிடும். ஏழு, எட்டு வயதைத் தாண்டியும் தொடர்ந்தால், வாசிப்பதிலும் திணறினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று உரிய நிபுணரிடம் காட்ட வேண்டும். அந்தக் குறைபாடு கண்ணின் கோளாறு அல்ல. அதைப் பார்வைப் பயிற்சியால் தீர்க்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் 2009-இல் சேர்ந்தே அறிக்கை வெளியிட்டன.

படம் தேடி விளையாடும் குழந்தை படம் தேடுவதில் தேறும், பொறுமையும் கவனமும் கொஞ்சம் கூடலாம். அதிலிருந்து ஐ.க்யூ.வுக்குத் தாவுவதுதான் வியாபாரம். ‘லுமாசிட்டி’ என்ற மூளைப் பயிற்சி செயலியை நடத்திய நிறுவனம், ஆதாரமில்லாமல் இப்படிச் சொன்னது என்ற புகாரில் 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. நம் நாட்டிலும் 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், அறிவு கூடும் என்று தக்க ஆதாரமில்லாமல் குழந்தைகளுக்கான விளம்பரத்தில் சொல்லக் கூடாது என்கின்றன. அவர்களிடம் அந்த உறுதிமொழியை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மாட்டார்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரத்தின் போட்டோவையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம், எந்தப் பொம்மை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

கேள்வி: பள்ளிக் கட்டணம் கட்டவே திணறும் வீடு எங்களுடையது. இதை வீட்டிலேயே செய்ய முடியுமா? (வாசகி, திருவண்ணாமலை)

பதில்: கட்டாயம் முடியும். பழைய கல்யாணப் பத்திரிகை ஏழும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் போதும். அச்சில்லாத பக்கத்தில் அட்டைக்கு மூன்று படங்கள் வரைய வேண்டும். முதல் அட்டையில் மீன், குடை, சாவி. இரண்டாவதில் மீன், பூனை, செருப்பு. மூன்றாவதில் மீன், பானை, நிலா. நான்காவதில் குடை, பூனை, பானை. ஐந்தாவதில் குடை, செருப்பு, நிலா. ஆறாவதில் சாவி, பூனை, நிலா. ஏழாவதில் சாவி, செருப்பு, பானை. எந்த அட்டையில் எந்தப் படங்கள் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம்தான் ஒத்துப்போகும்.

ஒரே நிறப் பேனாவால் வரையுங்கள், அப்போதுதான் குழந்தை நிறத்தைப் பார்த்துத் தப்பிக்காமல் உருவத்தைத் தேடும். ஒவ்வொரு அட்டையிலும் படத்தின் அளவையும் சாய்வையும் மாற்றுங்கள். உங்களுக்கு வரைய வராது என்று தயங்க வேண்டாம். ஏழு மீன்களில்லை, மூன்றே மீன்கள்தான், அவை மூன்றும் மூன்று விதமாகக் கோணலாக இருந்தால் தேடல் இன்னும் நன்றாக அமையும். இரண்டு படங்களைக் குழந்தையையே வரையச் சொல்லுங்கள்.