நால்வருக்கும் 18

கேள்வி: எங்கள் வட்டத்தில் நடந்த வினாடி வினாவில், '1969 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றவர் யார்?' என்று கேட்டார்கள். ஸ்பெயினின் சலோமே என்று எழுதினேன். பிரிட்டனின் லுலு என்பதுதான் சரியான விடை என்று மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். பிறகு தேடிப் பார்த்தால் நான்கு பேர் வென்றதாக இருக்கிறது. போட்டி நடந்தது மாட்ரிடில். அப்போது அங்கே சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி. முன்கூட்டியே பேசி வைத்து ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மதிப்பெண் உங்களுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வியின் பின்பாதியில் நீங்கள் வைக்கும் குற்றச்சாட்டு தவறு. அன்றிரவு யாரும் எதையும் பங்கு போடவில்லை. முதலிடத்தில் சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதிமுறையில் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு குறைதான் நால்வரை மேடையேற்றியது.

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு ஆண்டுதோறும் மோதும் போட்டி. அந்த ஆண்டு அது நடந்த நாள் 1969 மார்ச் 29. இடம், மாட்ரிடின் தியேட்ரோ ரியால் அரங்கம். 16 நாடுகள் பாடின. அந்தக் காலத்தில் மக்கள் வாக்கு கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் பத்துப் பேர் கொண்ட நடுவர் குழு தங்கள் ஊரிலேயே உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்க்கும். ஒரு நடுவருக்கு ஒரே வாக்கு. தனக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு பாட்டுக்கு அதைப் போடலாம். சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது. பத்து வாக்கையும் கூட்டி, குழுவின் சார்பில் ஒருவர் தொலைபேசியில் மாட்ரிடுக்குச் சொல்வார். எல்லாருக்கும் கேட்க அந்த எண்கள் பலகையில் ஏறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 16 நாடு, நாட்டுக்கு 10 வாக்கு, ஆக மொத்தம் 160. ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்குக்கும் தலா 18. சுவிட்சர்லாந்து 13, மொனாக்கோ 11, அயர்லாந்து 10, பெல்ஜியம் 10, ஜெர்மனி 8, ஸ்வீடன் 8, லக்சம்பர்க் 7, ஃபின்லாந்து 6, இத்தாலி 5, யூகோஸ்லாவியா 5, போர்ச்சுகல் 4, நார்வே 1. கூட்டினால் சரியாக 160 வரும். இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். சமநிலை முதலிடத்தில் மட்டும் இல்லை. பத்தில் இரண்டு நாடு, எட்டில் இரண்டு நாடு, ஐந்தில் இரண்டு நாடு. 16 பாட்டுக்கு 10 வெவ்வேறு எண்கள்தாம் கிடைத்திருக்கின்றன. வாக்குகள் இவ்வளவு சொற்பமாக இருந்து, அவை பல பாட்டுகளுக்குச் சிதறினால் இப்படித்தான் ஆகும். மற்ற இடங்களில் வந்த சமநிலை யார் கண்ணையும் உறுத்தவில்லை. உச்சியில் வந்ததும் சதி என்கிறோம்.

பேசி வைத்தது உண்மையென்றால் அதை எப்படிச் செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். 16 நாடுகளில் தனித்தனியே இருந்த 160 பேரை வசப்படுத்தி, நான்கு பாட்டுக்கும் ஒரு வாக்கு கூடாமலும் குறையாமலும் 18 வர வைக்க வேண்டும். ஸ்பெயின் அரசு தன் பாட்டை வெல்ல வைக்க நினைத்திருந்தால் அதற்கு இத்தனை சுற்று வழி தேவையில்லை. கூடுதலாக ஒரே ஒரு வாக்கு போதும். தோற்ற பாட்டுக்கு வாக்களித்த ஒரே ஒரு நடுவர் மனம் மாறி சலோமேவுக்குப் போட்டிருந்தால் 19, தனி வெற்றி. லுலுவுக்குப் போட்டிருந்தால் அவருக்குத் தனி வெற்றி. 160 பேரில் ஒருவர் என்ற நூலிழையில் இருந்த முடிவு அது.

உங்கள் சந்தேகத்துக்கு வேர் எங்கே என்று தெரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1968இல் லண்டனில், ஸ்பெயினின் மாசியேல் 29 புள்ளி பெற்று, 28 பெற்ற பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டை ஒரே புள்ளியில் தோற்கடித்தார். அந்த வெற்றிக்காக ஃபிராங்கோ ஆட்சி வாக்கு வாங்கியது என்ற குற்றச்சாட்டு 2008இல் ஸ்பெயினில் வந்த ஓர் ஆவணப்படத்தின் மூலம் பெரிதாகக் கிளம்பியது. நிரூபிக்கப்படவில்லை. எப்படியிருந்தாலும் அது 1968 பற்றிய பேச்சு. அதைத் தூக்கி 1969இன் தலையில் வைப்பது முறையல்ல. பாடகிகள் நால்வரும் செய்யாத தவறுக்கு அவர்கள் பெயரில் கறை படிகிறது.

அன்றிரவு அரங்கில் நடந்ததைப் பார்த்தாலே முன்னேற்பாடு இல்லை என்பது விளங்கும். கடைசி நாட்டின் வாக்கும் ஏறியபின் பலகையில் நான்கு 18 நிற்கிறது. தொகுப்பாளர் லௌரிதா வாலென்சுவேலாவுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் சார்பில் வாக்கெண்ணிக்கையை மேற்பார்த்த கிளிஃபர்ட் பிரவுனிடம், உண்மையிலேயே நான்கு பேரா என்று மேடையிலிருந்தே கேட்கிறார். ஆம், நால்வரும்தான் என்கிறார் அவர். முந்தைய ஆண்டு வென்ற மாசியேல் பதக்கம் அணிவிக்க வருகிறார். கையிருப்பில் இருந்த பதக்கங்கள் பாடகிகள் நால்வருக்குச் சரியாகப் போயின. பாட்டை எழுதி இசையமைத்தவர்களுக்குப் பிறகுதான் கொடுக்க முடிந்தது. பங்கு போடத் திட்டமிட்டவர்கள் பதக்கத்தையாவது போதிய அளவு அடித்து வைத்திருப்பார்கள். அதன்பின் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பாட்டை மறுபடி பாடினார்கள். சலோமே உடுத்தியிருந்தது மனுவேல் பெர்தேகாஸ் வடிவமைத்த, பீங்கான் மணிகள் கோத்த உடை. எடை சுமார் 14 கிலோ. அதைச் சுமந்தபடி ஒரே இரவில் இரண்டு முறை ஆடிப் பாடினார். நெதர்லாந்தின் லென்னி கூர் தன் பாட்டுக்குத் தானே இசையமைத்தவர். பிரான்ஸுக்குப் பாடிய ஃப்ரீடா பொக்காரா மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்தவர். வினாடி வினாவுக்கு இவை நல்ல கேள்விகள்.

இந்த முடிவால் நிஜமாகவே காயப்பட்டவர்கள் வேறு. ஒரு நடுவருக்கு ஒரே வாக்கு என்ற முறையில் அவருடைய இரண்டாவது விருப்பத்துக்கு மதிப்பே கிடையாது. 150 பேருக்கு ஒரு பாட்டு இரண்டாவதாகப் பிடித்திருந்தாலும் அதற்குக் கிடைப்பது சுழியம். இது சின்ன நாடுகளுக்கும், அதிகம் பேர் அறியாத மொழியில் பாடியவர்களுக்கும் பெரிய இடி. 1970இல் ஆம்ஸ்டர்டாம் போட்டிக்கு நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, போர்ச்சுகல் ஆகிய நான்கும் வரவில்லை. வாக்களிப்பு முறையும் 1969 முடிவும் பிடிக்காமல் ஒதுங்கின. 16 நாடு 12 ஆனது. (ஆஸ்திரியா ஏற்கெனவே 1969இலேயே இல்லை. ஃபிராங்கோ ஆட்சியை எதிர்த்து விலகியது என்று பரவலாக எழுதுகிறார்கள்; அதை இந்த நான்கோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.)

ஆம்ஸ்டர்டாம் எப்படி வந்தது என்பதும் நால்வர் கதையின் தொடர்ச்சிதான். வென்ற நாடுதான் அடுத்ததை நடத்த வேண்டும். வென்றது நான்கு. பிரிட்டன் 1968இலும் ஸ்பெயின் 1969இலும் நடத்தி முடித்துவிட்டதால் பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு நெதர்லாந்துக்கு விழுந்தது. 12 பாட்டை வைத்துக்கொண்டு முழு மாலையை நிரப்ப முடியாது என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடகரைக் காட்டும் ஒரு குறும்படத்தைச் சேர்த்தார்கள். 'போஸ்ட்கார்டு' என்ற பெயரில் இன்றும் யூரோவிஷனில் பாட்டுக்கு முன் வருகிறதே, அதன் தொடக்கம் அங்கேதான்.

விதியும் அந்த ஆண்டே எழுதப்பட்டது. சமநிலை வந்தால் சம்பந்தப்பட்டவர்கள் மறுபடி பாட வேண்டும். மற்ற நாட்டு நடுவர்கள் அவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பிறகும் சமம் என்றால்தான் பட்டத்தைப் பகிரலாம். ஆனால் அயர்லாந்தின் டேனா 32 புள்ளியோடு வென்றதால் அந்த விதிக்கு வேலை வரவில்லை. 1971 முதல் 1973 வரை நாட்டுக்கு இரண்டே நடுவர்கள், ஒருவர் 25 வயதுக்குக் கீழ், ஒருவர் மேல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி என்று மாற்றிப் பார்த்தார்கள். இதில் வேறு ஓட்டை: ஒரு நாட்டு ஜோடி எல்லாருக்கும் கைநிறையக் கொடுக்கும், இன்னொரு ஜோடி எல்லாருக்கும் கிள்ளிக் கொடுக்கும், ஆகவே எல்லா நாட்டின் சொல்லுக்கும் ஒரே எடை இல்லை. 1974இல் பழைய பத்து வாக்குக்கே திரும்பினார்கள். 1975இல்தான் 1 முதல் 8, பிறகு 10, 12 என்ற இன்றைய அளவுகோல் வந்தது. அப்போது ஒரு நாடு பத்துப் பாட்டுக்கு 58 புள்ளியைப் பிரித்துக் கொடுத்தது. இரண்டாவது விருப்பத்துக்கும் பத்தாவது விருப்பத்துக்கும் இடம் கிடைத்தது.

அப்போதும் சமநிலை வந்தது. 1991இல் ரோமில் கடைசியாக வாக்களித்த இத்தாலி தன் 12 புள்ளியை பிரான்ஸின் அமினாவுக்குக் கொடுத்தது. ஸ்வீடனின் கரோலாவுக்கு ஒன்றுமில்லை. இருவரும் 146. ஆனால் இந்த முறை விதி இருந்தது. யாருக்கு 12கள் அதிகம்? இருவருக்கும் நான்கு. யாருக்கு 10கள் அதிகம்? கரோலாவுக்கு ஐந்து, அமினாவுக்கு இரண்டு. பட்டம் கரோலாவுக்கு. 1969இல் இப்படி எண்ணிப் பார்க்க விதியே இல்லை. இல்லாத விதியைப் பின்னாளில் கொண்டுபோய்ப் பொருத்தி 'உண்மையில் வென்றவர் இவர்தான்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நான்கு நாடுகளும் 1969ஐத் தங்கள் வெற்றிக் கணக்கில் வைத்திருக்கின்றன. ஸ்பெயினின் வெற்றிகள் 1968, 1969 என இரண்டு. பிரிட்டனின் ஐந்து 1967, 1969, 1976, 1981, 1997. நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் கூட இந்த ஆண்டைச் சேர்த்துத்தான் ஐந்து. ஆகவே யூரோவிஷன் வரலாற்றில் நடந்த போட்டிகளைவிட வென்ற பாட்டுகள் மூன்று கூடுதல்.

கேள்வி தயாரித்தவரிடம் இதைக் காட்டுங்கள். 'வென்றவர் யார்?' என்று ஒருமையில் கேட்டது அவருடைய பிழை. '1969இல் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு நாடுகள் எவை?' என்று கேட்டிருக்க வேண்டும். ஒருமையில் கேட்டுவிட்ட பிறகு சலோமே, லுலு, லென்னி கூர், ஃப்ரீடா பொக்காரா என நால்வரில் எந்தப் பெயரை எழுதியவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். மாசியேல் என்று எழுதியவருக்கு மட்டும் வெட்டலாம், அவர் 1968.