எக்ஸ்றே அறையில் வேலை செய்ய விரும்புபவர்களுக்கு: கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. அரச வைத்தியசாலைகளில் நெடுங்காலம் ரேடியோகிராபராக, அதாவது எக்ஸ்றே, ஸ்கான் படம் எடுப்பவனாக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தருகிறேன்.

சாம்பல்தீவு மாணவர்: உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதினேன். மருத்துவ பீடம் கிடைக்காது போலிருக்கிறது. ரேடியோகிராபர் ஆக என்ன வழி, ஐயா?

தம்பி, மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் இது என்ற எண்ணத்தோடு வராதீர்கள். அப்படி வருபவர்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

முதல் வழி பேராதனைப் பல்கலைக்கழகம். அங்குள்ள இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி நான்கு ஆண்டுப் பட்டம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி. இரண்டாவது, சுகாதார அமைச்சு கொழும்பில் நடத்தும் பயிற்சி. ஆட்சேர்ப்பு வர்த்தமானி மூலம் நடக்கும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு.

எந்த வழியில் போனாலும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான்: இலங்கை மருத்துவ சபையின் பதிவேடு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. உயிரியல் பிள்ளைகள் பௌதிகவியலை வேண்டா வெறுப்பாகப் படிக்கிறார்கள். இந்தத் தொழிலின் முதுகெலும்பே அதுதான். எக்ஸ்றே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம் கதிரின் ஊடுருவும் வலிமையைத் தீர்மானிக்கிறது. மின்னோட்டமும் நேரமும் சேர்ந்து கதிரின் அளவைத் தீர்மானிக்கின்றன. பருமனான ஒருவரின் இடுப்புக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் நெஞ்சுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. இன்றைய டிஜிட்டல் கருவி, கூடுதலாகக் கொடுத்த கதிரையும் அழகான படமாகவே காட்டிவிடும். பழைய பிலிமில் படம் கறுத்துப்போய்த் தவறு வெளியே தெரியும். இப்போது தெரியாது. ஆகவே தவறைக் கண்டுபிடிக்கும் அறிவு உங்கள் தலைக்குள் இருக்க வேண்டும். கருவி இயக்கக் கற்பதற்கும் ரேடியோகிராபி கற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: மகனுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றில் ஓராண்டு டிப்ளோமா. வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் கட்டலாமா?

இன்று கட்டாதீர்கள். நாளை போய் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். இந்தச் சான்றிதழோடு மருத்துவ சபையில் ரேடியோகிராபராகப் பதிய முடியுமா? எந்த வைத்தியசாலையில், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி? சென்ற ஆண்டு முடித்தவர்களில் பதிவு பெற்ற இருவரோடு பேச முடியுமா? எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நகை அடகு வைத்துப் படிப்பிக்கும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் பின்னர் வரவேற்பு மேசையில் பற்றுச்சீட்டு எழுதுகிறார்கள்.

தம்பலகாமம்: இசட் புள்ளி எவ்வளவு தேவை?

ஆண்டுக்கு ஆண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆணைக்குழுவின் கைநூலையும் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியையும் பாருங்கள்.

உப்புவெளி மாணவி: எனக்கு மிகுந்த விருப்பம். கதிர் பட்டால் பிள்ளைப்பேறு கெட்டுவிடும் என்று அம்மா மறுக்கிறார்.

மகள், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். எக்ஸ்றே விளக்கு வெளிச்சம் போன்றது. ஆளியை விட்டதும் நின்றுவிடும், அறைக்குள் தேங்காது. நமக்கு வரக்கூடியது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான். அதற்காகத்தான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறோம். விலகி நிற்பதே பெரிய காப்பு: தூரத்தை இரட்டித்தால் கதிர் ஏறத்தாழக் கால்பங்காகிவிடும்.

பணியாளருக்குச் சர்வதேச வரம்பு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). கர்ப்பத்தை அறிவித்தபின், எஞ்சிய காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கானில் இந்தக் கதிரே இல்லை. அங்கே ஆபத்து, எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் வலிய காந்தம்.

இந்தப் பதிலின் முன்வரைவை நாலைந்து பேரிடம் காட்டினேன். விவாதம் மூண்டுவிட்டது.

புல்மோட்டைப் பெரியவர் ஒருவர்: "வரம்பு என்பது காகிதத்தில். கதிர் கதிர்தானே, தம்பி? பெண்பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்?"

ஐயா, உங்கள் ஊர்க் கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு முதல் மூன்று மில்லிசீவர்ட் வரை இயற்கையாகவே கிடைக்கிறது. கதிர் உண்டா இல்லையா என்பதல்ல, எவ்வளவு என்பதே கேள்வி.

மூதூர்த் தாதிய சகோதரி ஒருவர் விடவில்லை: "கணக்கெல்லாம் சரி. இரவில் ஒரே ஆள் வேலையில் இருக்கும்போது, துள்ளும் குழந்தையைப் பிடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள்? எங்களைத்தான். ஈய அங்கி எங்கே தொங்குகிறது என்று யாராவது சொல்லித் தந்தார்களா?"

சகோதரி சொல்வது நடப்பது. நடக்கக் கூடாதது. குழந்தையைப் பிடிக்க வேண்டிவந்தால், கர்ப்பமில்லாத பெற்றோரோ உறவினரோ அங்கி அணிந்து பிடிக்க வேண்டும். ஊழியர் ஒருவர் நாளாந்தம் பிடிப்பவராக இருக்கவே கூடாது. கதிர்ப் பட்டியை, அதாவது உங்கள்மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் சிறு வில்லையை, அங்கிக்கு உள்ளே நெஞ்சில் அணியுங்கள். அலுமாரியில் தொங்கும் பட்டி யாருடைய கதிரையும் அளக்காது. அறிக்கை வந்தால் உங்கள் அளவை நீங்களே பாருங்கள், அது உங்கள் உரிமை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவை இருப்பதும் இதற்காகத்தான்.

பெரியவர் மறுபடியும்: "அப்படியானால் ஆபத்து உண்டென்று ஒப்புக்கொள்கிறீர்களே." ஒழுங்கு மீறினால் உண்டு, ஐயா. அது ஆணுக்கும் உண்டு. மகனை அனுப்பும்போது ஏன் இந்தக் கேள்வி வருவதில்லை? மார்பகப் படத்துக்கு வரும் தாய்மார் ஆண் ரேடியோகிராபரைக் கண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்குத் தமிழ் பேசும் பெண் ரேடியோகிராபர்கள் தேவை. உப்புவெளி மகள், விண்ணப்பியுங்கள்.

நிலாவெளி: இந்தியாவில் மருத்துவப் படிமத் தொழினுட்பப் பட்டம் படிக்கலாமா?

நல்ல கல்லூரிகள் உண்டு. புறப்படுமுன், அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, அந்தப் பட்டத்தோடு இங்கே பதிய முடியுமா என்று மருத்துவ சபையிடம் எழுத்தில் கேளுங்கள். முகவர் தரும் வாக்குறுதி கணக்கில் வராது.

கந்தளாய்: இசட் புள்ளி 1.2 போதுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

பாலையூற்று: செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தத் தொழில் இருக்குமா?

நாங்கள் எடுக்கும் படத்தை வாசித்து நோயைச் சொல்லும் கதிரியக்க வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2016இல் செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி ஜெப்ரி ஹின்டன் சொன்னார். இன்றும் அவர்களுக்குத் தட்டுப்பாடுதான். படத்தை வாசிக்கும் வேலையில் கணினி துணைநிற்கும். இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை வலிக்காமல் திருப்பிக் கிடத்தி, அஞ்சாதே ஆச்சி என்று சொல்லி, சரியான கோணத்தில் படம் எடுக்க ஆள் வேண்டும்.

வெருகல்: அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்ய ஆறு மாதப் பயிற்சி என்கிறார்கள்.

இலங்கையில் அதைப் பெரும்பாலும் வைத்தியர்களே செய்கிறார்கள். பணத்தைக் காப்பாற்றுங்கள்.

குச்சவெளி: ரேடியோகிராபி முடித்துக் கதிரியக்க வைத்திய நிபுணர் ஆகலாமா?

ஆக முடியாது. அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகம்.

மட்கோ: தனியார் டிப்ளோமா ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டேன்...

கிண்ணியாத் தந்தைக்கு எழுதிய பதிலை வாசியுங்கள். மூன்று கேள்விகளையும் இப்போதாவது கேளுங்கள், மீதிப் பணத்தைக் கட்டுமுன். ஒவ்வொரு முறையும் இதே கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் பணம் கட்டிய பிறகே வருகிறது. வருத்தமாக இருக்கிறது.

சேருவில: வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகலாமா?

போகலாம். வளைகுடாவில் சான்றிதழை வழங்கிய இடத்திலேயே சரிபார்த்து, பரீட்சையும் வைப்பார்கள். இங்கிலாந்தில் தொழில்முறைப் பதிவு கட்டாயம்; பாடவிதானத்தை வரிவரியாகக் கேட்பார்கள். இங்கே பதிவு பெற்று, சில ஆண்டு வேலை செய்து, சீ.டி. ஸ்கான் எடுக்கப் பழகிக்கொண்டு போங்கள். பாடவிதானப் பிரதியை முதல் ஆண்டிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

அன்புவழிபுரம்: அமைச்சுப் பயிற்சிக்கான அறிவித்தல் எப்போது வரும்?

நாள் சொல்ல முடியாது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், தமிழிலும் இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு வெள்ளியும் பாருங்கள். பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். முடிவுத் திகதி காத்திருக்காது.