சிங்கப்பூர் 1942: பீரங்கிகளைத் திருப்பியிருந்தால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் வீழ்ச்சி பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து நின்றது, ஜப்பான்காரன் கொல்லைப்புறமாக வந்துவிட்டான். அவற்றைத் திருப்ப முடிந்திருந்தால் கோட்டை தப்பியிருக்குமா? தீவில் இருந்த பிரிட்டிஷ் தரப்புப் படையினர் 85,000 பேர் சுமார் 30,000 ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். கடைசி நாளிலாவது திருப்பித் தாக்கியிருக்கலாமே? ஜெயிக்க வழியே இல்லையா?

ரா.
ஈப்போ

அன்புள்ள ரா.,

முதலில் பீரங்கிக் கதை. கரையோரப் பீரங்கிகளில் பெரும்பாலானவை நிலத்தின் பக்கமும் திரும்பின, சுடவும் செய்தன. 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் ஐந்து: சாங்கியில் மூன்று, மேற்கே புவனவிஸ்தாவில் இரண்டு. புவனவிஸ்தாவில் இருந்தவைதான் வடக்கே திரும்பாதவை. சிக்கல் குண்டில் இருந்தது. கையிருப்பு பெரும்பாலும் போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானது. உள்ளே வெடிமருந்து குறைவு, வெடிப்பதும் சற்றுத் தாமதித்துத்தான். ரப்பர் தோட்டத்து ஈரமண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்து வெடிக்கும். பத்தடி தள்ளி நிற்பவன் தப்பித்துவிடுவான். காலாட்படையைச் சிதறடிக்க வேறு வகைக் குண்டு வேண்டும், அது அங்கே மிகக் குறைவு. ஆகவே இன்னும் பத்துப் பீரங்கி திரும்பியிருந்தாலும் கணக்கு மாறியிருக்காது.

அதைவிடப் பெரிய கேள்வி, எதைக் காப்பது என்பது. கோட்டை என்று பெயர் வாங்கியதே 1938-ல் திறந்த கடற்படைத் தளத்துக்காகத்தான். அது செம்பவாங்கில், தீவின் வடகரையில், ஜோகூருக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் சொச்சம். எதிரி அக்கரைக்கு வந்துவிட்டால் தளம் அவன் பீரங்கி எட்டும் தூரத்துக்குள். தீவை ஒரு வருஷம் பிடித்து வைத்திருந்தாலும் அங்கே ஒரு கப்பல் நிறுத்த முடியாது. எனவே இந்தக் காவல் ஜெயித்திருக்க வேண்டுமானால் ஜோகூரிலோ அதற்கு வடக்கிலோதான் ஜெயித்திருக்க வேண்டும். தீவில் வாங்கக்கூடியது சில வாரங்கள் மட்டுமே.

இது அப்போதே தெரிந்த விஷயம். 1930-களின் கடைசியில் அங்கே தளபதியாக இருந்த டோபி, தாக்குதல் வடக்கிலிருந்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும்கூட வரலாம் என்று எழுதினார். ஜோகூரில் கோத்தா திங்கி பக்கம் ஒரு காவல் கோடு கட்ட 60,000 பவுண்ட் ஒதுக்கினார்கள். செலவானது 23,000 பவுண்ட். சில இயந்திரத் துப்பாக்கிக் கூடுகளோடு வேலை நின்றது. டோபியிடம் அப்போது பணியாற்றி அந்த ஆய்வைத் தயாரித்தவர் பெர்சிவல். அதே பெர்சிவல் தளபதியாகி, 1941 டிசம்பரில் தலைமைப் பொறியாளர் சிம்சன் வந்து வடகரையில் தடைகள் கட்ட அனுமதி கேட்டபோது, அது படையின், மக்களின் மனஉறுதியைக் கெடுக்கும் என்று மறுத்தார். என் பார்வையில் அந்தப் போரின் மிகப் பெரிய தவறு இதுதான்.

சிம்சன் கேட்டது அதிசயப் பொருள் எதையும் அல்ல. டாங்குத் தடை, கண்ணிவெடி, முள்கம்பி, நீருக்கடியில் மறிப்பு, தேடொளி விளக்கு. இவை என்ன செய்யும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் முப்பதுக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ ஜப்பானிய டாங்குகள் ஒரே சாலையில் புகுந்து, ஒரு பகலுக்குள் நம் தரப்பின் இரண்டு பிரிகேடுகளை (ஒவ்வொன்றும் சில பட்டாலியன் கொண்ட படைப்பிரிவு) சிதைத்துவிட்டன. தடையும் கண்ணிவெடியும் சொற்பம். சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் பக்கத்திலேயே கிடந்தன. தடை வந்ததும் டாங்குகள் அவற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தன. சாலையை மறிப்பவன் பக்கத்துத் தோட்டப்பாதையையும் சேர்த்து மறிக்க வேண்டும், மறித்த இடத்தைத் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தடையே அல்ல. பதினோரு நாள் கழித்து மூவார் அருகே பக்ரியில் ஆஸ்திரேலியர்கள் சாலையோரம் மறைத்து வைத்த இரண்டே இரண்டு டாங்கு எதிர்ப்புப் பீரங்கிகளால் எட்டு ஒன்பது டாங்குகளை ஒரே காலையில் எரித்தார்கள்.

கம்பாரையும் பாருங்கள். மேட்டில் இருந்தபடி சாலையைக் குறிபார்க்க முடிந்ததால் டிசம்பர் 30 முதல் நான்கு நாள் தாங்கினார்கள். கைவிட்டது அங்கே தோற்று அல்ல. தெலுக் இந்தான் பக்கம் படகில் வந்து இறங்கி ஜப்பானியர் பின்னால் வந்துவிட்டார்கள். மேற்குக் கரையில் அந்தப் படகுகளை மூழ்கடிக்கக் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. மலாயாவுக்கு 336 விமானம் வேண்டும் என்று லண்டனே கணக்குப் போட்டிருந்தது, இருந்தது 158. டாங்கு ஒன்றுகூட இல்லை, எதிரியிடம் இருநூறுக்கு மேல். ஆகவே வெறும் கான்கிரீட்டால் எல்லாம் நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கட்ட ஆளும் வேண்டும். இராணுவம் கொடுக்க அனுமதியிருந்த கூலி வெளியே கிடைப்பதைவிடக் குறைவு. கூட்டிக் கொடுத்தால் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் கூலி ஏறிவிடும் என்ற பயம். தமிழரும் சீனரும் வராமல் போனதற்குக் குண்டுவீச்சு மட்டும் காரணமல்ல.

இனித் தீவு. கடற்கரை சுமார் 112 கிலோமீட்டர். பெர்சிவல் அத்தனையிலும் ஆளைப் பரப்பினார். தாக்குதல் வடகிழக்கில் வரும் என்று நம்பி, புதிதாக வந்த பிரிட்டிஷ் 18-வது டிவிஷனை அங்கே நிறுத்தினார். வடமேற்கில்தான் வரும் என்று அவருக்கு மேலதிகாரியான வேவல் சொன்னது எடுபடவில்லை. மேற்கில் குவித்துவைத்த தடைப்பொருள்களைக் கிழக்கே கொண்டுபோகச் சொல்லி, பிறகு மறுபடி மேற்கே அனுப்பச் சொன்னார்கள். பிப்ரவரி 8 இரவு வடமேற்கில் இருந்தது ஓர் ஆஸ்திரேலிய பிரிகேட், மூன்று பட்டாலியன், காக்க வேண்டிய கரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அலையாத்திக் காட்டில் பத்தடிக்கு மேல் பார்வை போகாது. உத்தரவு வரும்வரை தேடொளி விளக்கு போடக்கூடாது. அன்றைய குண்டுமழையில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிட்டன. விளக்கு எரியவில்லை, பீரங்கிக்குச் செய்தி நேரத்துக்குப் போகவில்லை.

இங்கே செய்யக்கூடியது இருந்தது. கரையில் மெல்லிய காவல், தொலைபேசிக் கம்பியை நம்பாமல் குறித்த நேரத்தில் தானாக எரியும் விளக்கு, முன்பே அளந்து வைத்த பீரங்கிக் குறி. பெரும்படை உள்ளே, கிராஞ்சி, ஜூரோங் ஆறுகளுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் இடுக்கில். கிராஞ்சியில் எண்ணெய்த் தொட்டியைத் திறந்துவிட்டு, தண்ணீரில் பரவிய எண்ணெய் எரிந்தபோது ஜப்பானியக் காவல் டிவிஷன் தடுமாறித்தான் போனது. அந்த இடுக்கில் டாங்குப் பள்ளம் பாதிதான் வெட்டியிருந்தார்கள். பின்வாங்க நேர்ந்தால் எங்கே போவது என்று பெர்சிவல் முன்கூட்டியே அனுப்பிய குறிப்பை ஒரு பிரிகேடியர் இப்போதே போகும் உத்தரவாக எடுத்துக்கொண்டார். அந்த இடுக்கில் இருந்த காவல் கோடு 10-ஆம் தேதியே கைவிட்டுப் போனது.

நீங்கள் கேட்ட கடைசி நாள் எதிர்த்தாக்குதல். ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் 15-ஆம் தேதி காலை, புக்கித் தீமாவின் உணவு, எரிபொருள் கிடங்குகள் போய் நான்கு நாள். குழாய்கள் உடைந்து, சுமார் பத்து லட்சம் பேர் அடைந்துகிடந்த நகரத்துக்குத் தண்ணீர் ஒரு நாளோ இரண்டு நாளோதான் என்று சிம்சன் சொல்லிவிட்டார். அந்தத் தாக்குதலுக்கு உரிய நாள் பிப்ரவரி 9. அன்று 18-வது டிவிஷனில் பெரும்பகுதி வடகிழக்குக் கரையில், யாரும் வராத நீரிணையைப் பார்த்துக்கொண்டிருந்தது.