வலென்சியாவில் கேரி நெவில் ஏன் சறுக்கினார்?

டிவியில் கால்பந்து ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசிய முன்னாள் இங்கிலாந்து வீரர் கேரி நெவில், ஸ்பெயினின் வலென்சியா கிளப்பில் பயிற்சியாளராக ஏன் தோற்றார் என்று கேட்கிறீர்கள். முதல் காரணம் அனுபவமின்மை. 2015 டிசம்பரில் பொறுப்பேற்கும் முன் இங்கிலாந்து அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார், அவ்வளவுதான். எந்தக் கிளப்புக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஸ்பானிஷும் தெரியாது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியை இடைவேளையில் உசுப்பிவிட வேண்டிய நேரத்தில், வீரர்களின் மொழியில் பேச முடியாதது பெரிய இழப்பு.

ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகாவில் அவரது முதல் 9 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரே அரையிறுதியில் பார்சிலோனா 7-0 என நொறுக்கியது: சுவாரெஸ் 4, மெஸ்ஸி 3. லீக்கில் அவர் நடத்திய 16 ஆட்டங்களில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் தப்பவில்லை.

என்னைக் கேட்டால், பெரிய தவறு உரிமையாளர் பீட்டர் லிம்முடையது. சால்ஃபோர்டு சிட்டி கிளப்பில் தன் கூட்டாளியாக இருந்த நெவிலை, சீசன் நடுவே இந்த நெருப்பில் இறக்கியிருக்கக் கூடாது. 2016 மார்ச் 30-ல் அவரை நீக்கிவிட்டார்கள்.