திரை உடைந்த கைப்பேசியில் மூல மென்பொருளை மீண்டும் பதிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். தயாரிப்பு நிறுவனம் முதலில் பதித்துத் தந்த இயங்குதளத்தையே திரும்பவும் ஏற்றுவதைத்தான் சேலத்துக் கடைகளில் ‘ஃபிளாஷ் போடுவது’ என்கிறோம். ஆண்ட்ராய்டு எழுவதற்கு முன்பே விழிக்கும் பூட்லோடர் என்னும் சிறு நிரல், யூ.எஸ்.பி. வடத்தின் வழியே கணினியோடு நேரடியாகத் தொடர்புகொள்வதால், உரிய பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி அந்நிலைக்குக் கொண்டுசென்றுவிட்டால், எஞ்சிய வேலையைக் கணினியிலிருந்தே செய்யலாம். பனிமூட்டம் மறைத்தாலும் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன? உடைந்த திரையும் அப்படித்தான், அது மறைத்தாலும் உள்ளிருக்கும் பூட்லோடர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது; அந்நிலையில் திரை காட்டுவதற்கு மட்டுமே. சாம்சங் கைப்பேசிகள் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மென்பொருள் கோப்பை, பூட்லோடரின் பூட்டை (மென்பொருளை மாற்றவிடாமல் காக்கும் தடையை) திறக்காமலே ஏற்கும். வேறு பலவற்றில் அந்தப் பூட்டை முன்பே திறந்திருக்க வேண்டும்.

மென்பொருளை மீட்டால் படங்களும் மீளும் எனப் பலர் நம்புவது தவறு. இம்முறை பெரும்பாலும் அவற்றை அழித்துவிடும் என்பதால், படங்கள் வேண்டுவோர் முதலில் திரையையே மாற்ற வேண்டும்.