கிடாரில் எக்கானமி பிக்கிங், ஸ்வீப் எல்லாம் குறுக்குவழியா? இம்ப்ரவைசேஷனுக்கு (அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பதற்கு) ஆல்டர்நேட் பிக்கிங் மட்டும் போதாதா?

பிக் என்ற சிறு தகட்டால் கம்பியைக் கீழ்நோக்கி, மேல்நோக்கி (டவுன், அப்) என்று மாற்றி மாற்றி அடிப்பது ஆல்டர்நேட். கம்பி மாறும்போது திசையைத் திருப்பாமல் அதே ஸ்ட்ரோக்கில் அடுத்த கம்பிக்குப் போவது எக்கானமி. ஒரே ஸ்ட்ரோக்கில் பல கம்பிகளை வழித்துக்கொண்டு போவது ஸ்வீப். குறுக்குவழியே கிடையாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசிக்கிறவன். எங்கள் குழுவில் மூத்த கிடார்காரர் ஒருவர், நான் ஸ்வீப் பழகுவதைப் பார்க்கும்போதெல்லாம் "கை ஓடல, அதான் தேய்ச்சு சமாளிக்கிறே" என்பார். எல்லார் முன்னாலும் சொல்வார். டவுன், அப், டவுன், அப் என்று மாறாமல் அடிப்பதுதான் சுத்தம், மற்றதெல்லாம் ஏமாற்று என்பது அவர் கட்சி. உங்களிடமும் யாரோ இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு தயங்கிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன். பென்டடானிக்கில் (ஐந்து ஸ்வர ஸ்கேலில்) கை பறக்கிறது. மேஜர் ஸ்கேலைக் கம்பிக்கு மூன்று ஸ்வரமாக வாசித்தால் சிக்குகிறது, ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) வந்தால் நின்றே விடுகிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லியிருப்பார்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் பீட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்கு எட்டு. ஒரே கம்பியில் அந்த எட்டும் உங்களுக்கு வரும், வாசித்துப் பாருங்கள். கம்பி மாறும்போதுதான் தடுக்கும்.

ஏன் என்றால், பிக்கை நாம் கொஞ்சம் சாய்த்துத்தான் பிடிக்கிறோம். ஒரு பக்கம் சாய்த்தால், டவுன் ஸ்ட்ரோக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே போய் இறங்கும், அப் ஸ்ட்ரோக் கம்பிகளுக்கு மேலே எழும்பி வெளியே வரும். வெளியே வந்த பிக் எந்தக் கம்பிக்கும் போகலாம். உள்ளே மாட்டிக்கொண்ட பிக் நடுவில் இருக்கும் கம்பியைத் தாண்டியாக வேண்டும். பென்டடானிக் கம்பிக்கு இரண்டு ஸ்வரம். டவுனில் தொடங்கினால் ஒவ்வொரு கம்பியும் அப் ஸ்ட்ரோக்கில் முடியும், பிரச்சினையே இல்லை. மூன்று ஸ்வரம் வந்தால் ஒரு கம்பி டவுனில் முடியும், அடுத்தது அப்பில் முடியும். அங்கேதான் சிக்கல். டிராய் கிரேடி என்ற அமெரிக்கர் பல கலைஞர்களின் வலது கையைக் கிட்டத்தில் கேமரா வைத்துப் படம் பிடித்து இதை விளக்கியிருக்கிறார். எனக்குக் கண் திறந்தது அதைப் பார்த்த பிறகுதான்.

ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் 1934இல் பாரிஸில் தன் குவின்டெட்டை (ஐவர் குழுவை) தொடங்கியபோது ஒரு வயலின், இரண்டு ரிதம் கிடார், ஒரு பாஸ் ஆகியவற்றுக்கு நடுவே அவருடைய அகூஸ்டிக் கிடார் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஜிப்சி பாணியில் டவுன் ஸ்ட்ரோக் கம்பியைத் தட்டிவிட்டு அடுத்த கம்பியின்மேல் போய்ச் சாய்ந்து நிற்கும். புதுக் கம்பிக்குப் போனால் டவுனில்தான் தொடங்குவார்கள், இரண்டு டவுன் அடுத்தடுத்து வந்தாலும் சரி. அந்தப் பெரிய நாதம் இதிலிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் கிடார் கலைஞர் ஃபிராங்க் கம்பாலே கம்பி மாறும் திசையிலேயே பிக்கை ஓட விடுவார்: ஏறும்போது டவுன்-அப்-டவுன், மறுபடி டவுன்-அப்-டவுன். திசை திரும்ப வேண்டிய கம்பியில் மட்டும் இரட்டைப்படையில் ஸ்வரம் வைப்பார். இவர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்பார்களா?

என் கதைக்கு வருகிறேன். ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் கீபோர்டுகாரர் வரவில்லை. அவர் வாசிக்கும் வயலின் பிட், சிதார் பிட் எல்லாம் என் தலையில். அதில் ஒரு இன்டர்லூட், ஐந்து கம்பிகளில் ஏறி இறங்கும் மைனர் ஆர்பெஜியோ. கம்பிக்கு ஒரே ஸ்வரம் என்பதால் ஆல்டர்நேட்டில் அந்த வேகத்தில் என்னால் முடியாது. டவுனிலேயே வழித்துக்கொண்டு ஏறி, மெல்லிய முதல் கம்பியில் கீழ் ஸ்வரம் டவுன், மேல் ஸ்வரம் அப், அங்கிருந்து ஒரு புல் ஆஃப் (பிக் இல்லாமல் இடது கை விரலை இழுத்தெடுத்தே அடுத்த ஸ்வரத்தை ஒலிக்க வைப்பது), பிறகு அப்பிலேயே திரும்பி இறங்கினேன். இடது கை விரல் ஒவ்வொன்றையும் ஸ்வரம் ஒலித்த உடனே தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கார்டு அடித்த மாதிரி குழம்பிவிடும். பாடகர் அடுத்த வரிக்கு மைக் பக்கம் வராமல் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், தபலாக்காரர் தாளத்தை விடவில்லை. நான் அதே கார்டுகளின்மேல் என் இஷ்டத்துக்கு வாசித்துக்கொண்டே போனேன். ஏறுவதற்கு ஸ்வீப், ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி தாவும் இடத்தில் பிக்கோடு நடுவிரலையும் சேர்த்து ஹைப்ரிட். மனதில் வந்த தாவல்களெல்லாம் கையில் வந்தன. முடிந்ததும் அந்த மூத்தவர் ஸ்வீப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் "அந்த இறங்கின பிட்ட ஒருக்கா மெதுவா காட்டு" என்றார். காட்டினேன்.

அன்று எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பந்தி. சாம்பார் தீர்ந்துவிட்டது, இலையில் ஆறிய சாதமும் ரசமும்தான். மூன்று மணி நேரம் நின்று வாசித்த ஒன்பது பேருக்கு. ஃபோட்டோ எடுப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வீடுகள், பாட்டுக்காரர்களை மட்டும் ஏன் மறந்துபோகின்றன? பேசிய தொகையிலும் கடைசியில் குறைப்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கலாம்.

சரி, இப்போது சிலர் கிளம்பி வருவார்கள்: "மெக்லாஃப்லின் ஆல்டர்நேட்தானே, அல் டி மியோலா ஆல்டர்நேட்தானே?" ஆமாம், அந்த இரண்டு கிடார் மேதைகளும் அதில் மலைகள். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் அவர்களோடு உட்கார்ந்த ஃபிளமெங்கோ கிடார் கலைஞர் பாகோ டி லூசியா பிக்கே இல்லாமல் விரலால் வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் ஆல்டர்நேட்டை விடச் சொல்லவில்லை, மெட்ரோனோமையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தாளம் தள்ளாடாமல் இருக்க ஆல்டர்நேட் மாதிரி எதுவும் இல்லை. ஸ்வீப்பில் ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடிவிடும் ஆபத்து நிஜம்.

நான் சொல்வது, இம்ப்ரவைஸ் செய்யும்போது கை தெரிந்த பாதையில்தான் போகும். ஒரே பாதை தெரிந்தால் ஒரே மாதிரி மெலடிதான் வரும். சொந்தமாக மெட்டுப் போடும்போது நான் கிடாரைக் கீழே வைத்துவிட்டு முதலில் பாடிப் பார்ப்பேன். அப்புறம்தான் எந்த ஸ்வரத்தை பிக்கால் அடிப்பது, எதை ஹாமர் ஆனில் (இடது கை விரலால் தட்டியே ஒலிக்க வைப்பதில்) விடுவது என்று முடிவு செய்வேன். வீணையில் ஒரே மீட்டில் நாலைந்து ஸ்வரம் கமகமாக வருகிறதே, அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. மேண்டலின் ஸ்ரீனிவாஸ் பிக் வைத்துக்கொண்டே அவ்வளவு கமகமும் கொடுத்தார்.

இன்றே செய்ய ஒன்று சொல்கிறேன். சிக்குகிற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, ஃபோனில் ஸ்லோ மோஷனில் வலது கையைப் படம் பிடியுங்கள். எந்த ஸ்ட்ரோக்கில் பிக் உள்ளே மாட்டுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கம்பியில் ஒரு ஸ்வரத்தை புல் ஆஃப் ஆக்குங்கள், அல்லது அடுத்த கம்பிக்கு அதே திசையில் போங்கள். ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்குவதை) முழுக்கக் குறைத்துவிட்டுக் கேளுங்கள், அது இருந்தால் எது அடித்தது எது அடிக்காதது என்றே தெரியாது. பிக் வளையாததாக இருக்கட்டும். நான் வைத்திருப்பது 1.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜாஸ் 3 என்ற பிக்.